நாலு விரல் அகலத்தில் ஒரு கார்

காவல் நிலையத்தில் எழுத்தராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். விபத்து என்று வருகிறவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பார்கள். அத்தனையையும் நாலு வரியில் அடக்குவது என் வேலை. சுருக்கி எழுதுவதில் எனக்குக் கர்வமே உண்டு. மூன்று பக்கப் புலம்பலை மூன்றே வரியாக்கிக் கொடுத்தால் ஆய்வாளர் முதுகில் தட்டிக்கொடுப்பார். அந்தக் கர்வத்தை ஒரு பெண்மணி ஒரே காலைப்பொழுதில் தவிடுபொடி ஆக்கினார். அவரைப் பற்றித்தான் இது. இதைச் சுருக்குவதாக இல்லை.

ஊரில் அவரைக் கண்ணாடிக்காரம்மா என்பார்கள். வண்டிகளுக்கு முன்கண்ணாடி மாட்டுவது தொழில். பத்தொன்பது வயதில் ஒரு பட்டறையில் உடைந்த கண்ணாடித் துகள் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் மத்தியானம் கண்ணாடி மாட்டுகிறவர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, பாதி மாட்டிய கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வேலை லேசுப்பட்டது இல்லை. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டை போட்டு, பட்டையின் பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தொட்ட கயிற்றை ஓடவிட வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பர் தகரத்தின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அவசரப்பட்டால் கண்ணாடி கீறிவிடும். அன்றைக்குத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் உள்ளே ஏறிக் கயிற்றை இழுத்தார். கவ்விக்கொண்டது. "நாளையிலேர்ந்து நீ துடைப்பத்தத் தொடக் கூடாது" என்றாராம் முதலாளி.

பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தார். வெளியே நின்று அழுத்துவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வேலைக்கு வைத்துக்கொண்டவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அந்த மனிதருக்குக் கோந்து என்று பெயர். புது ரகக் கார்களுக்குக் கண்ணாடி ஒட்டும் பசை அவர் பொறுப்பு என்பது ஒரு காரணம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பது இன்னொன்று. ஆள் மலை மாதிரி. எங்கள் நிலையத்து வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார்.

பட்டறையின் மாடி அறையில் கண்ணாடிக்காரம்மாவின் தம்பி குடியிருந்தான். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினான். அவனைப் போல ஒழுங்கானவனை நான் பார்த்ததில்லை. காலி மைதானத்தில் திரும்பினாலும் கைகாட்டி விளக்கைப் போடுவான். "எறும்புக்கும் வழி விடுறவன் சார் என் மச்சான்" என்று கோந்து கிண்டலடிப்பார்.

ஊருக்கு வெளியே ஒரு நாற்சந்தி இருக்கிறது. நான்கு பக்கமும் அறுவடை முடிந்த நிலம். ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. மொட்டைச் சந்தி என்பார்கள். அங்கே நின்றால் ஒரு மைல் தூரத்தில் நாய் ஓடினாலும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் நாலு வருஷத்தில் பதினொரு விபத்து. தூங்கிவிட்டான் என்பார்கள், போன் பேசியிருப்பான் என்பார்கள். அங்கே ஏதோ இருக்கிறது, ஆளை இழுக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இதெல்லாம் எரிச்சல். கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டத் தெரியாத ஜென்மங்கள் என்பது என் கட்சி.

பன்னிரண்டாவது, அந்தத் தம்பியுடையது. காலை பத்து மணி, நல்ல வெயில், காய்ந்த ரோடு. ஒரு ரோட்டில் ரொட்டி வேன் அறுபதில் வந்தது. குறுக்கு ரோட்டில் பல் டாக்டரம்மா ஒருவரின் கார் நாற்பத்தைந்தில் வந்தது. இரண்டும் சந்தியின் நட்டநடுவில் மோதிக்கொண்டன. நான் போனபோது ரோடு முழுக்க ரொட்டி சிதறிக் கிடந்தது. டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பல் பிடுங்கும் கை. தம்பிக்கு நெற்றியில் தையல். வேனின் முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

இரண்டு பேரிடமும் நான்தான் வாக்குமூலம் வாங்கினேன். டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். படித்தவர் பேச்சு, ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன்: "இரு பக்கமும் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது." தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு பக்கமும் பாத்தேன் சார். ஒண்ணுமே இல்ல சார். பாத்துட்டுத்தான் சார் போனேன்." சொன்னதையே சொல்கிறானே என்று சுருக்கினேன்: "குறுக்குச் சாலையைப் பார்த்தேன். பார்த்துவிட்டே சென்றேன்."

நடுவில் இருந்த "ஒண்ணுமே இல்ல" என் பேனாவில் ஏறவில்லை. டாக்டர் என்றால் முழு வாக்கியம், வேன்காரன் என்றால் சுருக்கம். வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

நம் மொழியில் இதற்கு ஒரே ஒரு சொல். கண்ணைத் திருப்பினாலும் பார்த்தேன், கண்ணில் பட்டாலும் பார்த்தேன். விசாரணையில் என் வரியைப் படித்த அதிகாரி, "பாத்துட்டே போனியா? கார் வர்றதப் பாத்துட்டே போய் இடிச்சியா?" என்று பிடித்துக்கொண்டார். தம்பி மறுபடியும், "பாத்தேன் சார்" என்றுதான் சொன்னான். வேண்டுமென்றே மோதினான் என்று ஆகிவிட்டால் உள்ளே போக வேண்டியதுதான். கம்பெனி வக்கீல் ஒரு வழி சொன்னார்: "நான் பார்க்கவே இல்லை, என் கவனக்குறைவு" என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் உரிமம் மட்டும்தான் போகும். வியாழக்கிழமை கையெழுத்து என்று நாள் குறித்தார்கள்.

அவன் மாட்டேன் என்றான். பார்த்தேன், பார்த்தேன் என்று அதையே சொன்னான். கடைசியில் அவனை வழிக்குக் கொண்டுவந்தவர் கண்ணாடிக்காரம்மாதான்.

"பாத்திருந்தா எப்படிடா மோதுவ? அவ்ளோ பெரிய காரு, ஊசியா? பாக்கலன்னு சொல்லிட்டுப் போடா."

"சரிக்கா. நான் பாக்கலன்னே வச்சுக்கோ" என்றானாம் தம்பி. அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிவிட்டான். நடந்து ரோட்டைத் தாண்டுவதற்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவரிடம், "வண்டி ஏதும் வருதாங்க?" என்று கேட்கத் தொடங்கினான். தன் கண்ணையே நம்பாதவனாகிவிட்டான்.

வேனை நாங்கள் முந்தின வாரமே விடுவித்திருந்தோம்; செவ்வாய்க்கிழமை அது அம்மாவின் பட்டறைக்கு வந்தது. நசுங்கிய மூக்கை ஏற்கெனவே தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். கண்ணாடி மட்டும் பாக்கி. அம்மாவே கயிறு இழுத்து மாட்டினார். மாட்டியதும் அவர் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கோந்து ஒரு துடைப்பக் கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் குறுக்கே நடக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கையில் எங்காவது கட்டை நெளிந்தால், அந்தக் கண்ணாடி கழிவு. அன்றைக்குக் கட்டை நெளியவில்லை. கோந்து கட்டையை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். வேனை வெயிலுக்குத் தள்ளலாம் என்று தம்பி பின்னாலிருந்து தள்ள, அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். முற்றம் காலியாக இருந்தது. வேன் உருண்டது.

மடார் என்று ஒரு சத்தம். வாளி உருண்டது, தண்ணீர் கொட்டியது. வேனின் மூக்குக்கு முன்னால் நனைந்த வேட்டியோடு கோந்து நின்றார்.

"ஏம்மா, பாத்து வரமாட்டியா? மனுஷன் வர்றது தெரியல?"

"பாத்தேங்க. ரெண்டு பக்கமும் பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு உறைத்தது. பின்னால் வேனைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான். பிறகு அம்மா என்னிடம் சொன்னது இது: "அவன் ரெண்டு மாசமாச் சொன்னத, ஒரு எழுத்து மாறாம என் வாய் சொல்லுது."

அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். நானாக இருந்தால் வாளியை எடுத்து வைத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் வேனைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொன்னார். கோந்தைக் குழாயடிக்கு அனுப்பினார். "மறுபடி அதே மாதிரி வாங்க" என்றார். மறுபடி. மறுபடி. சாயங்காலம் வரைக்கும் நாற்பது தடவை. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில், கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு பில்லர் இருக்கிறதே, நாலு விரல் அகலம், அதற்குப் பின்னால் அந்த மலை மனிதர் முழுசாகக் காணாமல் போனார். "இத்தனை வருஷத்துல என்னை மறைச்ச முதல் பொருள் இதான்" என்று கோந்துக்கே பெருமை.

மறைப்பது மட்டும் என்றால் பாதி அதிசயம்தான். கோந்து கொஞ்சம் வேகமாக நடந்தால் பில்லருக்கு முன்னால் வெளியே வந்து, வேனுக்கு முன்னாலேயே தாண்டிப் போய்விட்டார். மெதுவாக நடந்தால் பின்னால் வெளியே வந்தார். வேன் அவரைத் தாண்டிப் போனது. நின்றாலும் தெரிந்தார். எப்போது மறைந்தே இருந்தார் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி நடக்கும்போது மட்டும். தள்ளத் தள்ள, நடக்க நடக்க, பில்லருக்குப் பின்னாலேயே கூட வந்தார், கடைசி அடி வரைக்கும்.

புதன்கிழமை காலை நிலையத்துக்கு வந்து இதைச் சொன்னார். நான் சிரித்தேன்.

"என்னம்மா, தம்பிக்காகக் கதை கட்டிட்டு வந்தீங்களா?"

"அந்தக் கடிகாரத்தப் பாருங்க சார்." சுவர்க் கடிகாரம் ஒரு தட்டு அகலம் இருக்கும். அவர் நாலு விரலைச் சேர்த்து என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நீட்டினார். கடிகாரம் போய்விட்டது.

"ஒரு விரல்னா ஒரு கண்ணு மறைஞ்சாலும் இன்னொரு கண்ணு எட்டிப் பாத்துரும். நாலு விரல்னா ரெண்டு கண்ணும் அவுட்டு. வண்டி கவுந்தா கூரை நொறுங்கக் கூடாதுன்னு தடியா வச்சிருக்காங்க. நம்ம உசிரக் காப்பாத்தத்தான் சார் அது."

"சரி, மறைக்கட்டும். கார் நகருதே! எப்பவாவது வெளிய வராதா?"

"அதான் சார் விஷயமே. நம்ம கண்ணுக்கு நகருற வண்டி நம்ம மேல மோதாது. முன்னால போயிரும், இல்ல பின்னால போயிரும். மோதப்போற வண்டிதான் நகராது. ஒரே எடத்துல நின்னுக்கிட்டுப் பெருசாகும், அவ்ளோதான். அந்த எடத்துல பில்லர் இருந்துச்சுன்னா முடிஞ்சு போச்சு. மோதுறதா இருந்தா மட்டும்தான் சார் மறையுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து பீரோவைத் திறந்து மொட்டைச் சந்தியின் பதினொரு பழைய கோப்புகளையும் எடுத்தேன். எல்லாம் என் கையெழுத்து. முதல் கோப்பில், "பார்த்தேன்". இரண்டாவதில், "பார்த்தபிறகே சென்றேன்". நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. பதினொன்றில் ஒன்பது பேர் பார்த்தேன் என்று சொல்லியிருந்தார்கள். லாரிக்காரர், கல்யாணப் பெண்ணின் மாமா, பள்ளிக்கூட ஆயா, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஒன்பது பேரும் எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அதை மடித்து, நூல் கட்டி, நாலு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். என்னைவிட மட்டமான எழுத்தன் இந்த உலகத்தில் உண்டா என்று தோன்றியது.

ஆய்வாளரிடம் போய் நின்றேன். அவர் கோப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் ரோட்டை மூடித் தர்றேன். பதினோரு மணிக்குக் கையெழுத்து. அதுக்குள்ள காட்டுங்க" என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவன் பொய் சொல்கிறான் என்று விசாரணையில் சொன்னவர் அவர். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டு, "நானே ஓட்டிட்டு வர்றேன்" என்றார். கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை மொட்டைச் சந்தியில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஏற்பாடு இதுதான்: வேன் இருபதில், கார் பதினைந்தில், சந்திக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு, கோந்து சிவப்புத் துண்டை வீசியதும் இருவரும் பிரேக் போட வேண்டும். தம்பி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்றான். அதனால் வேனை ஓட்டியவன் நான். அவனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "என்ன நடந்தாலும் வாய் தொறக்காத."

கிளம்பினோம். நான் ஏற்பாட்டில் இருந்தவன். கார் வருகிறது என்று தெரிந்தவன். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவன். முன்னால் பின்னால் மட்டும் சாயாமல், சாதாரணமாக ஓட்டுகிறவனைப் போல இரண்டு பக்கமும் பார்த்தேன். அறுத்த பயிரின் அடித்தாள்கள் தெரிந்தன. தூரத்தில் ஒரு கொட்டகை தெரிந்தது. வானம் தெரிந்தது. குறுக்கு ரோடு நூல் பிடித்தது போலக் கிடந்தது, வெறிச்சென்று. இன்னும் கிளம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"காரு எங்கப்பா? காணோமே" என்றேன்.

தம்பி பக்கம் திரும்பினால், அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. என்னையும் தாண்டிக் கண்ணாடியின் என் ஓரத்தைப் பார்த்தான், பிறகு என் கண்ணைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த பில்லர் வேறு பக்கத்தை மறைக்கிறது. அவனுக்குக் கார் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது, கிளம்பியதிலிருந்து. வெள்ளைக் கார், ரோட்டில், வெயிலில். நான் அதே திசையில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் காணோம் என்கிறேன்.

"சார்!" என்று கத்தினான். அதே நேரம் சிவப்புத் துண்டு பறந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தபோது முன்னால் சாய்ந்தேனே, அந்த ஒரு சாண் அசைவில் பில்லர் விலகியது. கார் இருந்தது. தூரத்தில் இல்லை, இருபதடியில். டாக்டரம்மாவின் காதுத் தோடு தெரிகிற தூரத்தில். வரவே இல்லை அது, இருந்தது. கிளட்சை மிதிக்க மறந்ததில் வேன் இரண்டு தடவை குலுங்கி அணைந்தது.

நான் இறங்கவில்லை. கடவுளை எப்போதாவது நினைக்கிறவன்தான், அன்றைக்கு நினைத்தேன். இவ்வளவு பெரிய உலகத்தை இவ்வளவு சின்னத் தகரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அதைக் கூடவே நடத்திக்கொண்டு வருகிற கணக்கு யாருடையது என்று பயந்தேன். பயம்தான், ஆனால் கும்பிடத் தோன்றுகிற பயம்.

அம்மா ஓடி வந்து தம்பியின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தெரிஞ்சுதாடா?"

"எனக்குத் தெரிஞ்சுதுக்கா. சாருக்குத் தெரியல. சார் பாத்தாருக்கா. நல்லாப் பாத்தாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அவரு பாத்தாரு."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிருடா" என்றார். "ஊரு நம்பலன்னா போகுது. நான் நம்பியிருக்கணும்."

வக்கீல் தயாரித்த காகிதம் என் பையில் இருந்தது. எடுத்துக் கிழித்தேன். வேனின் மூக்கின்மேல் புதுத் தாளை விரித்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான வாக்குமூலம் எழுதியதில்லை. "இரண்டு பக்கமும் பார்த்தேன். கார் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ரோடு காலியாக இருந்தது. அதனால் போனேன்." முந்தைய வாக்குமூலத்தில் ஒரு வரி விடுபட்டது எழுத்தரின் பிழை என்று கீழே என் பெயரையும் எழுதினேன். அதற்காக மேலிடத்தில் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

டாக்டரம்மா காரை விட்டு இறங்கி வந்தார். அவர் கண்ணிலும் நாங்கள் படவில்லை. அவர் காரின் அந்தப் பக்கத்து பில்லர் எங்கள் வேனைக் கடைசி வரை முழுங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. தாளை வாங்கிப் படித்தார்.

"உங்களுக்கு மொதல்லயே இப்படித்தாங்க எழுதியிருக்கேன்" என்றேன். "நீங்க புதுசா எதுவும் தர வேண்டியதில்ல."

"தெரியும். என்னுதுல இதேதான் இருக்கு. பார்த்தேன், காலியா இருந்துச்சுன்னு." அவர் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நானே அத நம்பல. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல, பயத்துல பாத்தேன்னு சொல்லிட்டேன்னுதான் இந்த ரெண்டரை மாசமும் நினைச்சிட்டிருந்தேன். இவர் மேல பொய் சொல்றார்னு சொன்னதுகூட அதனாலதான். யாராவது ஒருத்தர் பாக்காம வந்திருக்கணும் இல்லையா? அது நானா இருந்திரக் கூடாதுன்னு."

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நானுந்தாங்க" என்றான். "கையெழுத்துப் போடலாம்னு வந்தது வக்கீல் சொன்னதுக்காக இல்லீங்க. நெசமாவே நான் பாக்கலயோன்னு நினைச்சுத்தான்."

டாக்டரம்மா தாளை அவனிடம் கொடுத்தார். அவன் அதை வேனின்மேல் வைத்து ஒருமுறை தானே வாய்விட்டுப் படித்தான். "பார்த்தேன்" என்ற இடத்தில் நிறுத்தி அக்காவைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டான்.